எலிக்குடலில் மறைந்த மஞ்சள்: மனித உறுப்பைச் சில்லில் வளர்ப்பது எதற்காக?

மைசூரு: மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத், என். சந்திரசேகரா ஆகிய இருவரும் 1981-ஆம் ஆண்டு அதைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலியின் சிறுகுடலைத் துண்டாக எடுத்து, தலையணை உறையைப் புரட்டுவதுபோல் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரு முனைகளையும் கட்டி, குர்குமின் கலந்த கரைசலில் அமிழ்த்தி வைத்தனர். குடல் எவ்வளவு குர்குமினை உறிஞ்சி மறுபக்கம் அனுப்புகிறது என்பதே அவர்களின் கேள்வி.

கிடைத்த விடை விசித்திரமானது. கரைசலில் இருந்த குர்குமினில் 30 முதல் 80 சதவீதம் வரை குறைந்துபோயிருந்தது. ஆனால், பையின் உள்ளே இருந்த திரவத்தில் குர்குமின் தென்படவில்லை. குடல் திசுவிலும் மிகச் சொற்ப அளவே எஞ்சியிருந்தது. ஒரு பக்கம் புகுந்த மஞ்சள் மறுபக்கம் வரவில்லை. குடல்சுவரைக் கடக்கும் வேளையில் அது வேறொரு பொருளாக மாறிவிடுகிறது என்பதற்கான தடயம் அது. குடல் வெறும் சல்லடை அல்ல, வருகிற பொருளை மாற்றி அனுப்பும் பட்டறையும்கூட. (இந்த ஆய்வில் ஈடுபட்ட விஜயலட்சுமி ரவீந்திரநாத் பின்னர் மூளை ஆய்வின் பக்கம் திரும்பி, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நிறுவினார்.)

17 ஆண்டுகளுக்குப் பின், 1998-இல், மைசூருவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் இந்தக் கதை இன்னொரு திருப்பத்தை எட்டியது. குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு கூடுகிறதா என்று ஆய்வாளர்கள் பார்த்தனர். எலிகளில் அது 154 சதவீதம் கூடியது. மனிதத் தன்னார்வலர்களிடம் 2000 சதவீதம் கூடியது. மனிதர்களுக்குக் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்பதால் இந்தச் சதவீதம் பூதாகரமாகத் தெரிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். என்றாலும், ஒரே இரு பொருள்கள் எலியிடம் ஒரு விதமாகவும் மனிதனிடம் வேறு விதமாகவும் நடந்துகொண்டன என்பது மறுக்க முடியாதது.

மனித உறுப்பின் ஒரு துளியை ஆய்வகத்தில் உயிரோடு இயங்கச் செய்யும் முயற்சி தொடங்கும் இடம் இந்த வேறுபாடுதான். 'உறுப்புச் சில்லு' என்று அழைக்கப்படும் இந்தத் தொழில்நுட்பம் இந்தியாவின் மருந்துச் சோதனை விதிகளுக்குள் 2023-இல் இடம்பெற்றது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரைகள் மருந்துக்கடை அலமாரிகளை நிறைத்திருக்கும் இக்காலத்தில், இது ஆய்வக விவகாரம் மட்டும் அல்ல.

ஜாடிக்குள் செரிமானம்

ஓர் உறுப்பை ஆய்வகத்தில் நகலெடுப்பது மைசூருவுக்குப் புதிதல்ல. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், மனிதச் செரிமானத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் நடத்திப் பார்க்கும் முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. உணவை அரைத்து, அமிலத்தோடு பெப்சின் என்ற நொதியைச் சேர்த்தால் அது இரைப்பை. பின்னர் காரத்தன்மையைக் கூட்டி, கணைய நொதிகளையும் பித்த உப்புகளையும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் அது சிறுகுடல். நுண்துளைகள் கொண்ட ஒரு சவ்வுப் பையை அதில் அமிழ்த்தி, எவ்வளவு இரும்புச்சத்தும் துத்தநாகமும் பைக்குள் கசிகின்றன என்று அளக்கலாம்.

எளிய முறைதான். ஆனால் பயன் பெரியது. தானியங்களோடும் பருப்புகளோடும் பூண்டோ வெங்காயமோ சேர்த்துச் சமைத்தால், அவற்றில் உள்ள இரும்பும் துத்தநாகமும் உடலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வடிவத்துக்கு வருகின்றன என்று கே. சீனிவாசன், கல்பனா பிளாடேல் உள்ளிட்ட மைசூரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையில் கண்டறியப்பட்டதே. சாம்பாரில் சின்ன வெங்காயம் போடுவதற்குச் சுவை தவிர வேறொரு நியாயமும் உண்டு என்று இதைச் சொல்லலாம்.

எனினும், குடுவைக்குள் உயிருள்ள செல்கள் இல்லை. சவ்வுப் பை கசியும்; எதையும் மாற்றாது. 1981-இல் மறைந்த மஞ்சளை அதனால் மறையவைக்க முடியாது. புரட்டிய எலிக்குடலில் உயிர் உண்டு, ஆனால் அது ஓரிரு மணி நேரமே தாக்குப்பிடிக்கும். அதோடு அது எலியின் குடல்.

மூன்றாவது வழி, மனிதச் செல்களைத் தட்டில் வளர்ப்பது. குடல் ஆய்வில் உலகம் முழுவதும் பயன்படுவது, ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 'காக்கோ-2' என்னும் செல் வகை. இச்செல்களைத் துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சவ்வின் மீது பரப்பி ஏறத்தாழ 3 வாரங்கள் வளர்த்தால், சிறுகுடலின் உட்சுவரைப் போன்ற ஒரு படலம் உருவாகும். மருந்து நிறுவனங்கள் பலவும் ஒரு புதிய மூலக்கூறு குடலைக் கடக்குமா என்பதை முதலில் இதில்தான் பார்க்கின்றன. ஆயினும் அந்தப் படலம் தட்டையானது. அதில் மடிப்புகள் இல்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களை அதன்மீது விட்டால், தேங்கிய ஊட்டக் கரைசலில் அவை கட்டுக்கடங்காமல் பெருகி ஓரிரு நாளில் செல்களைக் கொன்றுவிடும்.

குறையாக இருந்தது என்ன? செல்கள் அங்கே இருந்தன. அவற்றைச் சுற்றி எதுவும் அசையவில்லை, எதுவும் ஓடவில்லை.

மூச்சுவிடும் ரப்பர்

உடலில் எந்தச் செல்லும் தேங்கிய குட்டையில் வாழ்வதில்லை. இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடுகிறது. நுரையீரல் செல் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுகிறது. குடல் செல் அலையலையாகச் சுருங்கி விரிகிறது. இந்த இழுப்பும் உரசலும் செல்லுக்கு வெறும் தொந்தரவு அல்ல. எந்த மரபணுவை இயக்குவது, எந்தப் புரதத்தைச் செய்வது என்பதை அது இவற்றைக் கொண்டும் தீர்மானிக்கிறது.

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இதை ஒரு சிறு கருவியாக்கிக் காட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் தலைமையிலான குழுவில் பணியாற்றிய தென் கொரிய ஆய்வாளர் டான் ஹூ அதை உருவாக்கினார். கையடக்கப் பென் டிரைவ் அளவே உள்ள, ஒளி ஊடுருவும் சிலிகோன் ரப்பர் துண்டு அது. அதன் நடுவே ஒரு மில்லிமீட்டரை விடக் குறுகிய இரு கால்வாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செல்கின்றன. இரண்டையும் பிரிப்பது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன் உள்ள, துளைகள் நிறைந்த ரப்பர் சவ்வு. சவ்வின் மேற்பக்கம் மனித நுரையீரல் காற்றுப்பையின் செல்கள். கீழ்ப்பக்கம் இரத்த நுண்குழாயின் செல்கள். மேல் கால்வாயில் காற்று, கீழ்க் கால்வாயில் இரத்தத்துக்கு ஈடான ஊட்டத் திரவம்.

இதில் புத்திசாலித்தனமான பகுதி பக்கவாட்டில் இருக்கிறது. இரு கால்வாய்களுக்கும் இருபுறமும் வெற்று அறைகள் உள்ளன. அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சினால் ரப்பர் சுவர்கள் விலகும். நடுவே உள்ள சவ்வு, மேலும் கீழும் ஒட்டியுள்ள செல்களோடு சேர்ந்து விரியும். உறிஞ்சுவதை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். நுரையீரல் மூச்சுவிடுகிறது.

இந்த அசைவு வெறும் அலங்காரமா என்று கேட்கலாம். அதே ஆய்வு அதற்கு விடை தந்தது. மேல் கால்வாயில் நுண்ணிய சிலிக்கா துகள்களைத் தூவியபோது, அசைவற்ற சில்லில் செல்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மூச்சசைவைத் தொடங்கியதும் செல்களில் அழற்சி கூடியது. துகள்களும் கூடுதலாகச் சவ்வைக் கடந்து கீழே உள்ள 'இரத்தத்தில்' சேர்ந்தன. மாசுக் காற்றின் தீங்கைத் தட்டையான தட்டில் சோதித்தால் தவறான நிம்மதி கிடைக்கும் என்பதே இதன் பொருள். 2012-இல் அதே குழு, இன்டர்லூக்கின்-2 என்ற புற்றுநோய் மருந்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் பக்கவிளைவைச் சில்லில் நிகழ்த்திக் காட்டியது. அங்கும் மூச்சசைவுதான் கசிவை அதிகப்படுத்தியது.

கால்வாயின் சிறுமைக்கு இன்னொரு பயனும் உண்டு. மைசூரு மாவட்டத்தின் திருமகூடலு நரசிபுராவில் கபினி காவிரியில் சேர்கிறது. இரு ஆறுகளின் நீரும் சுழன்று விரைவில் ஒன்றாகிவிடுகின்றன. முடியளவு கால்வாயில் இது நடக்காது. இரு திரவங்களை அருகருகே விட்டால், சுழற்சியே இன்றி, ரயில் தண்டவாளங்களைப் போல இணையாக ஓடும். மூலக்கூறுகள் எல்லையைத் தாண்டி மெல்லப் பரவ மட்டுமே செய்யும். ஆகவே, எந்தச் செல்லுக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேர்கிறது என்பதை ஆய்வாளர் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த முடியும். நுண்பாய்மவியல் எனப்படும் இந்தத் துறையின் அடிப்படையே இதுதான்.

செய்முறை கணினிச் சில்லுத் தொழிலிலிருந்து வந்தது. சிலிக்கான் தகட்டின் மீது ஒளியால் இறுகும் பொருளைப் பூசி, கால்வாய்களின் வடிவம் மட்டும் மேடாக நிற்கும்படி அச்சு செய்கிறார்கள். அதன்மேல் சிலிகோன் திரவத்தை ஊற்றி, சூடேற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் மேடுகள் இருந்த இடங்களில் கால்வாய்கள் கிடைக்கின்றன. 'சில்லு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த அச்சால்தான். உள்ளே மின்னணுச் சுற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை.

மடிப்பு விழுந்த குடல்

2012-இல் இதே குழு குடலுக்கு வந்தது. அதே பழைய காக்கோ-2 செல்கள். மேலேயும் கீழேயும் மெல்லிய ஓட்டம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 முறை, குடலின் அலைவியக்கத்தைப் போல, 10 சதவீத இழுப்பு. சில நாள்களிலேயே செல்கள் தட்டையான தரைவிரிப்பாக இருப்பதை விட்டு உயர்ந்து, தாமாகவே மடிந்து, குடலுறிஞ்சிகளைப் போன்ற மேடுகளை எழுப்பின. தட்டில் 3 வாரம் காத்திருந்தும் செய்யாததை அவை இங்கே செய்தன. செல்கள் மாறவில்லை, சூழல் மாறியது.

குடலில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா ஒன்றையும் அவர்கள் மேல் கால்வாயில் குடியேற்றினர். ஓடும் திரவம் உபரியை அடித்துச் சென்றுகொண்டே இருந்ததால், செல்களும் பாக்டீரியாவும் ஒரு வாரத்துக்கும் மேல் ஒன்றாக வாழ்ந்தன. மருந்தையும் உணவையும் மாற்றும் நொதிகளின் இயக்கமும் தட்டில் இருந்ததைவிட இதில் கூடுதலாகக் காணப்பட்டது. 1981-இல் எலிக்குடலில் எழுந்த கேள்வியை மனிதக் குடல் செல்களிடமே கேட்பதற்கான கருவி இப்போது கையில் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் மஞ்சளின் பயணம் குடலோடு முடிவதில்லை. அடுத்த நிறுத்தம் கல்லீரல். மிளகின் பைப்பரின் செய்யும் வேலைகளில் முக்கியமானது, குடலிலும் கல்லீரலிலும் குர்குமினை மாற்றி வெளியேற்றும் நொதிகளை மந்தப்படுத்துவதே. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள பெரிய வேறுபாடுகளில் ஒன்று இந்த நொதிகளில் இருக்கிறது. எனவே குடல் சில்லிலிருந்து வெளிவரும் திரவத்தைக் கல்லீரல் சில்லுக்குள் செலுத்த வேண்டும். பல உறுப்புகளைக் குழாய்களால் இணைக்கும் இந்த எண்ணத்தை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷூலர் உறுப்புச் சில்லு என்ற சொல் பரவும் முன்பே, 2004-இல், செயல்படுத்திக் காட்டினார்.

5 உயிர்கள்

கல்லீரல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1993-ஆம் ஆண்டு நடந்த ஒரு துயரத்தை நினைவுகூர வேண்டும். ஃபியாலுரிடின் என்பது ஹெபடைடிஸ்-பி நோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து. விலங்குச் சோதனைகளில் தேறியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து 7 பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதடைந்தது. 5 பேர் உயிரிழந்தனர். 2 பேர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தனர். மனிதச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இம்மருந்தைக் கொண்டுசெல்லும் ஒரு புரத வாயில், எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. எலி பொய் சொல்லவில்லை. அதனிடம் அந்தக் கதவே இல்லை.

உறுப்புச் சில்லு இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே காட்டுமா? இதுவரை வந்தவற்றில் பெரிய சோதனை 2022 டிசம்பரில் வெளியானது. மனிதக் கல்லீரல் செல்கள் கொண்ட 870 சில்லுகளில், மனிதர்களிடம் எப்படி நடந்துகொண்டன என்பது ஏற்கெனவே தெரிந்த 27 மருந்துகளைச் சோதித்தனர். கல்லீரலைக் கெடுப்பவை என அறியப்பட்ட மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்தது. பாதுகாப்பான மருந்து எதையும் தவறாகக் குற்றஞ்சாட்டவில்லை. நல்ல மதிப்பெண்தான். எனினும் இந்த ஆய்வை நடத்தியது அந்தச் சில்லுகளைத் தயாரித்து விற்கும் எமுலேட் நிறுவனமே என்பதையும், 27 என்பது பெரிய எண்ணிக்கை அல்ல என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

மஞ்சளுக்குத் திரும்புவோம். 2019-இல் இத்தாலியில், குர்குமின் செறிவூட்டப்பட்ட மாத்திரைகளை உட்கொண்ட இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது. அமெரிக்காவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் ஆய்வுக் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புடைய 10 பேரின் நிலையை 2022-இல் வெளியிட்டது. சோதிக்கப்பட்ட மாத்திரைகள் சிலவற்றில் மிளகின் பைப்பரினும் இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே எந்தப் புகாரும் இல்லை. சமையலில் சேரும் அளவுக்கும், உறிஞ்சுதலைப் பெருக்குவதற்கென்றே தயாரித்த மாத்திரையின் அளவுக்கும் ஒப்பீடே கிடையாது. சமையலறைக்கு உள்ள நற்பெயரை மாத்திரைக்குக் கடனாகக் கொடுப்பதில்தான் சிக்கல்.

இந்த 10 பேரில் 7 பேரிடம் நோயெதிர்ப்பு அமைப்போடு தொடர்புடைய ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. அதாவது, பாதிப்பு எல்லோருக்கும் வருவதல்ல. சிலரின் நோயெதிர்ப்புச் செல்கள் தவறாகச் சினப்படுவதால் வருவது. எனவே கல்லீரல் செல்களை மட்டும் வளர்த்த சில்லு இதைக் காட்டாது. அதே மரபணு வகை உள்ள ஒருவரின் கல்லீரல் செல்லும் நோயெதிர்ப்புச் செல்லும் சேர்ந்து அதில் இருக்க வேண்டும். சில்லு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பவர்களுக்கு இது நல்ல கடிவாளம். எலியாலும் இதைக் காட்டியிருக்க முடியாது என்பதும் உண்மை.

சட்டம் திறந்த கதவு

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கி, உறுப்புச் சில்லு போன்ற முறைகளின் முடிவுகளையும் ஏற்க வழிசெய்தது. 2025 ஏப்ரலில், சிலவகை எதிர்ப்புரத மருந்துகளுக்கான விலங்குச் சோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது.

இந்தியா அதிகம் பின்தங்கவில்லை. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014-இலேயே தடை செய்யப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளை 2023 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் திருத்தியபோது, உறுப்புச் சில்லு, முப்பரிமாண செல் வளர்ப்பு, கணினி மாதிரி முதலியவை விலங்குச் சோதனைக்கு மாற்றாகவோ துணையாகவோ இடம்பெற்றன. விலங்குச் சோதனை நிறுத்தப்படவில்லை. வேறு வழியில் கிடைக்கும் சான்றையும் கொண்டுவரலாம் என்று மட்டுமே விதி சொல்கிறது. விதியில் ஒரு சொல் ஏறுவதற்கும், ஒரு மருந்து நிறுவனம் அதை நம்பித் தன் விண்ணப்பத்தைத் தயாரிப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் வளாகத்தில், விலங்கு சாராத மனித மாதிரிகளை வளர்ப்பதற்கென்றே ஒரு மையம் இயங்கி வருவது அந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளில் ஒன்று.

சென்னையின் 5 டாலர் அறை

விலை இன்னொரு தடை. வெளிநாட்டுச் சில்லுகளும் அவற்றை இயக்கும் பம்புகளும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் துறை நிதிக்கு எட்டாதவை. இங்கேதான் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு பணி கவனத்துக்குரியது. அங்கு மின்பொறியியல் துறையைச் சேர்ந்த அனில் பிரபாகர், இக்ரம் கான் ஆகியோர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிருகாங்க சூர் குழுவுடன் இணைந்து, மனித மூளைத் திசுவின் சிறு உருண்டைகளை வளர்க்கும் நுண்பாய்ம அறை ஒன்றை வடிவமைத்து 2021-இல் வெளியிட்டனர்.

பல் சிகிச்சையில் பயன்படும், உடலுக்கு ஒவ்வாமை தராத பிசினைக் கொண்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அது அச்சிடப்பட்டது. புற ஊதா ஒளியில் இறுக வைத்து, கிருமி நீக்கி, குழிகளில் செல்களை இட்டு, மேலே கண்ணாடி வில்லையால் மூடினர். சிறு துளைகள் வழியே ஊட்டத் திரவம் உள்ளே செல்லும். கண்ணாடி வழியாக நுண்ணோக்கியில் திசு வளர்வதை நேரடியாகப் பார்க்கலாம். அச்சிடும் செலவு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 டாலர் மட்டுமே.

அதில் 7 நாள்கள் வளர்ந்த திசு, நடுவே ஒரு வெற்றிடத்தையும் அதைச் சுற்றி மூளையின் புறணி போன்ற அடுக்கையும் தானாகவே அமைத்துக்கொண்டது. மூளை உருண்டைகளை வளர்ப்பவர்களுக்குள்ள பெரிய தொல்லை, உருண்டை பெருக்கும்போது நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாமல் அங்குள்ள செல்கள் இறந்துபோவது. திரவம் ஓடிக்கொண்டிருந்த இந்த அறையில், வழக்கமான தட்டில் இருப்பதைவிடக் குறைவான செல்களே நடுவில் இறந்தன. நுரையீரலிலும் குடலிலும் கண்ட அதே பாடம்தான்: ஓட்டம் இருந்தால் உயிர் நீடிக்கிறது.

யாருடைய செல்?

குறைகளையும் சொல்ல வேண்டும். சில்லுகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் சிலிகோன் ரப்பர், எண்ணெயில் கரையும் தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குர்குமின் அந்த வகையைச் சேர்ந்தது. கவனமின்றிச் சோதித்தால், 1981-இல் குடல்சுவரில் மறைந்த மஞ்சள் இப்போது ரப்பர் சுவரில் மறைந்துவிடும். ஆய்வாளர் அதைக் குடலின் வேலை என்று எழுதிவிடவும் கூடும். வேறு பிளாஸ்டிக்குகளுக்கு மாறும் முயற்சிகள் இதனால்தான் நடக்கின்றன. இன்னொரு முரண், விலங்குகளுக்கு மாற்று என்று பேசப்படும் இச்செல்களுக்குப் பல ஆய்வகங்களில் இன்றும் ஊட்டப்படுவது, பிறக்காத கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். அளவுப் பொருத்தமும் எளிதல்ல. குடலைவிடக் கல்லீரல் எத்தனை மடங்கு பெரியது, அதற்கு எவ்வளவு 'இரத்தம்' ஓட வேண்டும் என்ற விகிதங்கள் தவறினால், இணைத்த சில்லுகள் எந்த மனிதருக்கும் பொருந்தாத ஒரு விடையைத் தரும்.

இந்தியாவைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான கேள்வி, சில்லில் இருப்பது யாருடைய செல் என்பது. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. இந்தியர்களில் கணிசமானோரிடம் அது மெதுவாக இயங்கும் மரபணு வகை உள்ளது. காசநோய் மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்படும் அபாயம் இவர்களுக்குக் கூடுதல். உலகில் காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா. ஐரோப்பிய, அமெரிக்கக் கொடையாளரின் கல்லீரல் செல்களைக் கொண்ட சில்லை விலை கொடுத்து வாங்கி வந்து, அதில் தேறிய மருந்தைச் செங்கல்பட்டிலோ நஞ்சன்கூட்டிலோ உள்ள நோயாளிக்குக் கொடுத்தால், எலிக்குப் பதில் வேறொரு மனிதரைப் பதிலாளாக வைத்தோம் என்றே ஆகும்.

இதற்கான வழி 2007-இல் திறந்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா, பெரியவர் ஒருவரின் தோல் செல்லையே கருவின் தொடக்க நிலைச் செல் போன்ற நிலைக்குத் திருப்ப முடியும் என்று காட்டினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படித் திருப்பிய செல்லைக் கல்லீரலாகவோ குடலாகவோ வளர்க்கலாம். மெதுவான நொதி உள்ள ஒருவர், வேகமான நொதி உள்ள ஒருவர் என இருவரின் சில்லுகளை அருகருகே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். தோல் செல்லிலிருந்து வளர்த்த கல்லீரல் இன்னும் முதிராத, கருவின் கல்லீரலை ஒத்ததாகவே இருக்கிறது என்பது இப்போதைய முட்டுக்கட்டை. அதை முதிர்விக்க ஆய்வகங்கள் முயலும் வழிகளில் ஒன்று, அதன் மீது திரவத்தை ஓடவிடுவது.

மைசூருவில் மஞ்சளும் மிளகும் எழுப்பிய கேள்விக்கு முழு விடை தர, இன்று தேவைப்படுவது ஏறத்தாழ இதுதான்: குடல், கல்லீரல் என இரண்டு சில்லுகள்; ஒரே நபரின் செல்கள்; அவருடைய நோயெதிர்ப்புச் செல்களும் குடல் பாக்டீரியாக்களும்; குர்குமினை உறிஞ்சாத ஒரு பிளாஸ்டிக்; இரண்டு வாரத்துக்குத் தடையின்றி ஓடும் ஒரு பம்பு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே உலகின் ஏதோ ஓர் ஆய்வகத்தில் இருக்கின்றன.